எட்டாம் நாள் கூழ்

பினாங்கு, ஆவணி 1943

அன்புள்ள யோகலட்சுமி,

நான் உயிரோடு சுகம். நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க நல்லூரான் துணை. ஜப்பான்காரன் வந்தபின் அங்கே தபால் போவதில்லை. கப்பல் ஓடும் நாளில் இது உன் கைக்கு வரும்.

சண்டைக்கு முன் கந்தப்புவின் தாயிடம் வாங்கி நீ அனுப்பிய காய்ந்த பனங்கிழங்கு ஒடியலில் ஒரு டின் மிச்சம் வைத்திருந்தேன். இங்கே மூன்று வேளையும் மரவள்ளிதான். என்னோடு ஒரே அறையில் இருந்த கந்தப்பு காய்ச்சலில் கிடந்து, "ஒருக்கா ஒடியற்கூழ் காய்ச்சித் தாவன்டாப்பா" என்று ஐந்து நாள் கேட்டான். "காய்ச்சலுக்குக் கூழ் கூடாது" என்றேன். அது பொய். டின்னை என் துணிகளுக்குள் ஒளித்தேன். ஆறாம் நாள் செத்துப்போனான்.

எட்டாம் நாள் எட்டுச் செலவுக்குச் செத்தவனுக்குப் பிடித்ததைப் படைக்க வேண்டுமல்லவா? முழு ஒடியலையும் இடித்து, மீன்தலை போட்டுக் கூழ் காய்ச்சிப் படைத்தேன். கொட்ட மனமில்லாமல் நானே குடித்தேன். நல்ல ருசி. எதிரே அவன் பாய் சுருட்டியபடி கிடந்தது.

வழி திறந்ததும் இரண்டு டின் அனுப்பு. வேலைக்கு நேரமாகிவிட்டது. அவன் தாய் கேட்டால், அவள் தந்த ஒடியலில் காய்ச்சிய கூழ் மகனுக்குக் கிடைத்தது என்று சொல். அது பொய்யில்லை.

உன்
விநாசித்தம்பி