‘மழைக்காது’ பதிவுகளின் தொடக்கக் குரலை மீட்க உரிமை கோரி

அனுப்புநர்:
‘தையற்காரி’, ‘ஒயர்மேன்’,
விளக்கக் குறிப்பு எழுதும் தன்னார்வலர்கள்.

பெறுநர்:
தலைமை நிர்வாகி அவர்கள்,
இணைய ஒலிக் காப்பகம்.

பொருள்: ‘மழைக்காது’ ஏற்றிய கோப்புகளின் பழைய வடிவங்களை மீட்கக் கூடுதல் திருத்த உரிமை வேண்டுதல் – சார்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மழை, ஆலை, பேருந்து நிலையம் என்று தங்கள் காப்பகத்துக்கு ‘மழைக்காது’ என்ற பெயரில் ஒலிகளைப் பதிந்து தந்தவன் என் தம்பி. சென்ற ஆண்டு நுரையீரல் நோயில் இறந்துவிட்டான். நான் துணி தைப்பவள். ஒயர்மேன் அவனுடைய நண்பர். மைக்கைத் தூக்கிக்கொண்டு கூடவே அலைந்தவர்.

2. எது, எங்கே என்று சொல்லிவிட்டுத்தான் தம்பி பதிவைத் தொடங்குவான். “சமையலறை ஜன்னல், மழை. அக்கா, கொஞ்ச நேரம் மெஷினை மிதிக்காத” என்று ஒரு கோப்பில் இருக்கும். ஏற்றும் முன் அந்தப் பேச்சை வெட்ட வேண்டும். இவன் “அப்புறம் வெட்டிக்கலாம்” என்று அப்படியே ஏற்றிவிடுவான். சோம்பேறி. அந்தச் சோம்பலுக்குக் கோயிலே கட்டலாம் என்று இப்போது தோன்றுகிறது.

3. சென்ற வாரம் தங்கள் காப்பகத்தின் ஒலித் தூய்மைக் குழுவினர் அவன் கோப்புகள் அனைத்திலும் அந்தப் பேச்சை வெட்டிவிட்டார்கள். அவர்கள்மீது குற்றமில்லை. பதிவாளர் குரல் இருக்கக் கூடாது என்பது காப்பக விதி. அதை எழுதி, எல்லோரிடமும் சண்டை போட்டு நிறைவேற்றியவனே என் தம்பிதான். ஊருக்குத்தான் உபதேசம்.

4. எங்கள் அம்மா தினமும் ஒரு கோப்பைக் கேட்பார். பேச்சு முடிந்ததும் நிறுத்திவிடுவார். மழை அவருக்கு வேண்டியதில்லை. வெட்டிய மறுநாள் கோப்பைப் போட்டதும் எடுத்த எடுப்பிலேயே மழைச் சத்தம் வந்தது. “இதுல அவன் எங்கடி?” என்றார். நெட் சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

5. பழைய வடிவங்கள் இம்மாத இறுதியில் நிரந்தரமாக அழிக்கப்படும் என்று அறிவிப்பு உள்ளது. எங்களுக்குப் பட்டியலில் அவற்றின் பெயர் மட்டும் தெரிகிறது. திறக்க உரிமை இல்லை. அவன் கணினி பழுதாகிவிட்டதால் வேறு பிரதியும் இல்லை. முன்பு அனுப்பிய கோரிக்கைகள் கிணற்றில் போட்ட கல்லாகிவிட்டன.

விதியை மாற்றக் கேட்கவில்லை ஐயா. மாற்றினால் அவனே சண்டைக்கு வருவான். வெட்டிய கோப்புகளே பொதுமக்களுக்கு இருக்கட்டும். பழையவற்றைத் திறந்து காப்பாற்றும் உரிமையை மட்டும், அவை அழியும் முன் எங்கள் இருவருக்கும் வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம். நெட் சீக்கிரம் சரியாகிவிடும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நாள்: மார்ச் 19
இடம்: வீடு

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்) தையற்காரி
(ஒப்பம்) ஒயர்மேன்