லண்டனில் ஒரு ஷபானா

அக்கா,

இன்று காலை ஏஜென்ட் அண்ணன் வண்டியில் கொண்டுவந்து போட்ட மூட்டையைப் பிரித்தால் எல்லாம் சின்ன அளவு. கருப்புத் தோல், ஷூவின் மேல்பாகம் மட்டும். அம்மாவும் நானும் வீட்டில் வைத்துக் கையால் தைத்துக் கொடுக்கிறோம். "ஸ்கூல் பசங்க போடறது. லண்டன் போவுது. கறை கிறை படாம பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்றைக் கையில் எடுத்தேன். புதுத்தோல் வாசனை. லண்டனில் உங்கள் அறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிய பிள்ளைகளும் இப்படித்தான் போட்டிருப்பார்கள் என்று தோன்றியதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன்.

நீங்கள் ஆம்பூரில் எங்கள் பள்ளிக்கு வாரம் ஒரு நாள் வரும் கவுன்சிலிங் மிஸ். அடிக்கடி லீவு போடுகிறேன் என்று ஒன்பதாம் வகுப்பு டீச்சர் என்னை உங்களிடம் அனுப்பினார். உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்த அறைதான் உங்கள் அறை. நீங்கள் என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்ல மிஸ்" என்பேன். "சரி, ஒண்ணுமில்லாமலே கொஞ்ச நேரம் உக்காரலாம்" என்பீர்கள். அப்படியே உட்கார்ந்திருப்போம்.

ஒரு நாள் நீங்கள்தான் என்னிடம் உதவி கேட்டீர்கள். "லண்டன்ல ஒரு ஸ்கூல்ல இதே வேலைக்கு இன்டர்வியூ. நான் பேசிப் பழகணும். நீ அந்த ஊரு பொண்ணு மாதிரி உக்காரு."

"எனக்கு இங்கிலீஷ் வராது மிஸ்."

"தமிழ்லயே பேசு. வெள்ளைக்காரப் பொண்ணு ஆம்பூர்ல வளந்துச்சுன்னு வச்சுக்கறேன். உன் பேரு இன்னா?"

யோசிக்காமல் "ஷபானா" என்றேன். அது என் பக்கத்து வீட்டுத் தோஸ்தின் பெயர்.

மேஜையில் தலையை வைத்துச் சிரித்தீர்கள். "லண்டன்ல ஷபானாவா?"

"ஏன் மிஸ், இருக்க மாட்டாங்களா?"

"இருப்பாங்க, இருப்பாங்க. சொல்லு ஷபானா, ஏன் ஸ்கூலுக்கு வர்றதில்ல?"

என் பெயரில் வராத பேச்சு அந்தப் பெயரில் வந்தது. ஷபானாவின் அப்பா தோல் ஷாப்பில் பச்சைத்தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைக்கிறவர் என்றேன். அவர்கள் வீடு ஒரே அறை. அப்பாவின் சட்டையும் அவள் யூனிஃபார்மும் ஒரே கயிற்றில் காயும். "பக்கத்துல உக்கார்ற பொண்ணு அவள ஒண்ணும் சொல்ல மாட்டா மிஸ். கர்ச்சீப்ப எடுத்து மூக்குல வச்சுக்குவா. அவ்ளோதான்."

நீங்கள் என் யூனிஃபார்மைப் பார்த்துவிடுவீர்களோ என்று பயந்தேன். பார்க்கவில்லை. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளவும் இல்லை.

"ஷபானாவுக்கு இன்னா பண்ணணும்னு தோணுது?"

"ஸ்கூல விட்டு நின்னுடணும்."

மணி அடிக்கப் போகிறதே என்று நானே கேட்டேன். "பதில் சொல்ல மாட்டீங்களா மிஸ்?"

"அவ இப்பத்தான் மனசுல இருந்தத எறக்கி வச்சிருக்கா. நான் ஒடனே எதையாவது சொல்லி மூடிடக் கூடாது."

உங்களுக்கு வேலை கிடைத்தது. கிளம்பும் முன் நம்பர் கொடுத்து, "இனிமே மிஸ் வேணாம், அக்கான்னு கூப்பிடு" என்றீர்கள். பிறகு அந்த அறைக்கு யாரும் வரவில்லை. முழுப் பரீட்சை வரை போனேன். அதோடு நின்றுவிட்டேன்.

அங்கே போனதும் நீங்கள் போன் செய்தது இப்போதும் காதில் இருக்கிறது. "ஏய், என் ரூமுக்கு வந்த மொதப் பொண்ணு பேரு இன்னா தெரியுமா? ஷபானா. நீ சொன்னதுதான் கரெக்ட்டு." இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தோம். பிறகு குரலைத் தாழ்த்தி, "நம்ம ஷபானா எப்படி இருக்கா?" என்றீர்கள்.

"நின்னுட்டாக்கா."

"அவ மேல கோவம் இல்ல" என்றீர்கள். "இங்க ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு மணி நேரம் உக்கார்றேன். அங்க உன்னப் பாதியில விட்டுட்டு வந்துட்டேன். எனக்குத்தான் வெக்கமா இருக்கு."

பெரியவர்களுக்கும் வெட்கம் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அப்படி இல்லக்கா என்று சொல்லியிருக்கலாம். "சார்ஜ் கம்மியா இருக்குக்கா" என்று வைத்துவிட்டேன்.

நாம் பேசியது அதுதான் கடைசி. நீங்கள் அங்கேயே காய்ச்சலில் படுத்து எழுந்திருக்கவில்லை என்று டீச்சர் சொன்னார். உங்கள் ஊரான வேலூருக்கு உங்களைக் கொண்டுவந்த அன்று, தைத்துக்கொண்டிருந்த கையோடு பஸ் ஏறினேன். உங்கள் தெருமுனை வரை வந்தேன். மாலைகளோடு நிறையப் பேர் நின்றார்கள். என் விரல்களில் தோல் வாசனையும் கருப்புச் சாயமும் இருந்தன. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஒரு அம்மா, "யாரும்மா நீ? உள்ள போ" என்றார். "யாருமில்லீங்க" என்று சொல்லித் திரும்பி நடந்தேன். உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

போன வாரம் என் தோஸ்த் ஷபானா விடாமல் சொல்லி என்னை ஒரு டுடோரியலுக்கு அனுப்பினாள். பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தனியாக எழுதலாமாம். அங்கே இருந்த மேடம் நேராகக் கேட்டார். "ஏம்மா ஸ்கூல விட்டு நின்ன?"

"ஒரு பொண்ணு மேடம்..." என்று ஆரம்பித்தேன்.

"எந்தப் பொண்ணு? நான் உன்னத்தான் கேக்கறேன்."

அவரும் அவசரப்படுத்தவில்லை. "எங்கப்பா தோல் ஷாப்புல வேலை செய்றாரு. என் மேல வாசனை வருதுன்னு நின்னுட்டேன்" என்றேன்.

அவர் பேனாவை நிறுத்தி என்னை ஏறிட்டுப் பார்த்தார். "இந்த ஊர்ல யாரோட அப்பாம்மா தோல் ஷாப்புல இல்ல? எங்கப்பாவும் அதான்." எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள். அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் எனக்குக் காது வரை சுட்டது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கா நின்றேன் என்று அதற்கும் சேர்த்து வெட்கமாகிவிட்டது. திங்கட்கிழமை வகுப்புக்கு வரச் சொன்னார். தலையை மட்டும் ஆட்டினேன்.

என் பெயரில் சொல்லிவிட்டால் வெட்கம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். இறங்கவில்லை அக்கா. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் ஒன்று புரிந்தது. வெட்கம் போய்விடும் என்று நீங்கள் ஒருநாளும் எனக்குச் சொன்னதில்லை. அதனால்தான் உங்களை இன்னும் நம்புகிறேன். திங்கட்கிழமை வெட்கத்தோடேயே போகப் போகிறேன்.