பென்சில் டப்பாவில் மங்குஸ்தான் தோல்

உன் பென்சில் டப்பாவை இப்போதுதான் திறந்தேன். உள்ளே மங்குஸ்தான் தோல் சுருங்கி, மரப்பட்டை போலக் காய்ந்திருக்கிறது. அதன் துவர்ப்பு வாசனை வந்ததும் நீ பக்கத்துப் பாயில் படுத்திருப்பதாகவே நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். பாயைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். வராந்தா விளக்கின் வெளிச்சம் ஜன்னல் வழியே விழும் இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். விடுதி மேட்ரன் அம்மா இருமினால் காகிதத்தை ஒளித்துக்கொள்கிறேன்.

காலையில் உன் அம்மா உன் பெட்டியை எடுத்துப்போக ராஜபாளையத்திலிருந்து வருகிறார்கள். உன் துணிகளையெல்லாம் நான்தான் மடித்து வைத்தேன். இந்த டப்பா மட்டும் என் பெட்டியில் கிடந்தது.

உன் அப்பா தென்காசி பஸ் ஓட்டுகிறவர். குற்றாலத்தில் வாங்கிய நாலு பழத்தைத் தேக்கிலையில் பொதிந்து உன்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். வெளித் தின்பண்டம் விடுதிக்குள் வரக் கூடாது. ஆகவே துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்தோம். நான் பழத்தைக் கடிக்கப் போனேன்.

"ஏட்டி, அது கொய்யாவா? ரெண்டு உள்ளங்கையிலயும் வச்சு அமுக்கு. சாறு பட்டா கறை போவாது, பாத்துக்க."

உடைப்பதற்கு முன் சுளை எத்தனை என்று சொல்ல வேண்டும், அதுதான் உன் பந்தயம். நான் காம்பு இலைகளை எண்ணி, "நாலு" என்றேன். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய்.

"அது எல்லாப் பழத்துக்கும் நாலுதான்டி, கூமாப்பட்டிக்காரி! திருப்பிப் பாரு. அடியில பூ மாதிரி இருக்குல்ல, அதுல எம்புட்டு இதழோ உள்ள அம்புட்டுச் சுளை."

ஏழு இதழ். உள்ளே வெள்ளைவெளேரென்று ஏழு சுளை. தோற்ற எனக்கு நாலைக் கொடுத்துவிட்டு நீ மூன்று எடுத்துக்கொண்டாய். வாயில் வைத்ததும் கரைந்தது. உடம்புச் சூட்டுக்கு நல்லது என்றாய். நான் தோலை எறியப் போனபோது கையைப் பிடித்து, அதை வாங்கி உன் பென்சில் டப்பாவில் போட்டுக்கொண்டாய். "வயித்துக்கடுப்புக்கு இதைத்தான் எங்கம்மா கசாயம் போடுவாக."

சில நாளில் உனக்கே சீதபேதி வந்தது. நோயாளி அறையின் ஜன்னலண்டை என்னைக் கூப்பிட்டு, "டப்பாவுல இருக்குற தோலை மேட்ரன் அம்மாட்ட குடுட்டி" என்றாய். நான் கொடுக்கவில்லை; டப்பாவை என் பெட்டிக்குள் ஒளித்து வைத்தேன். பழம் ஏது, யார் தின்றது என்று கேட்பார்கள். நான் பள்ளிச் சம்பளம் கட்டாமல் இலவசமாகப் படிக்கிறவள். ஊருக்கு அனுப்பிவிட்டால் என் படிப்பு அத்தோடு முடிந்தது.

சாயங்காலம், "கசாயம் வருமா?" என்று கேட்டாய்.

"கொதிச்சிட்டிருக்கு" என்றேன்.

சரி என்று கண்ணை மூடிக்கொண்டாய். மறுநாள் உன் அப்பா வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு போனார். நாலாம் நாள் காலை ஜெபத்தில் உன் பெயரைச் சொன்னார்கள்.

அந்தக் கசாயம் உன்னைப் பிழைக்க வைத்திருக்குமா, எனக்குத் தெரியாது. நீ அதற்காகக் காத்திருந்தாய் என்பது மட்டும் தெரியும்.

உன் அம்மா என்னைக் கண்டதும், 'எம்பிள்ளை ஏதும் கேட்டாளா?' என்று கேட்பார்கள். மேட்ரன் அம்மா பக்கத்திலேயே நிற்பார்கள்.

டப்பாவை உன் துணிகளுக்கு மேலே வைத்துவிட்டேன். பெட்டியைத் திறந்ததும் அதுதான் முதலில் தெரியும். என் பாவாடையில் அன்றைக்குத் தெறித்த கறை இன்னும் போகவில்லை. காலையில் அந்தப் பாவாடையையே கட்டிக்கொண்டு உன் அம்மா முன்னால் நிற்பேன்.