கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற சம்பந்தியம்மாவுக்கு

நெம்மேலி குப்பம்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்புக்குரிய சம்பந்தியம்மா துர்காதேவி அவர்களுக்கு,

சுவேதாவின் தாத்தா நீலமேகம் வணக்கத்துடன் எழுதுவது. படாளத்தில் நீங்களும், நாவலூரில் வேலை பார்க்கும் உங்கள் மகன் சுதாகர் தம்பியும் நலமா? முதியோர் வகுப்பில் எழுத்து கற்றபின் நான் எழுதும் முதல் கடிதம் இது. முழுக்க என் கையெழுத்து. நேற்றுக் காலையில் ஆரம்பித்தேன். சந்தோஷமாக எழுத வேண்டிய முதல் கடிதம் இப்படி ஆகிவிட்டதே என்றுதான் எரிச்சல்.

நீங்கள் போனை எடுப்பதில்லை. சுவேதா என்னோடு பேசுவதில்லை. என் வீட்டுக்காரி வச்சலா, "படிச்சது போதும்யா, வாய மூடிக்கினு வலையப் பாரு" என்கிறாள். ஒருவரும் என்னை முழுதாகச் சொல்ல விடவில்லை.

நிச்சயத்துக்கு முன்னால் தான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தைப் பாருங்கள் என்று சுவேதாதான் செங்கல்பட்டில் அவர்கள் வைத்த அறிவியல் கண்காட்சிக்கு எல்லோரையும் அழைத்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் மனித மண்டை ஓடு, பக்கத்தில் கொரில்லாவுடையது. இரண்டும் மாவுக்கட்டு மாவில் செய்தவை. விளக்கத்தைச் சுவேதாவே கண்ணாடிமேல் எழுதியிருந்தாள். பேத்தி எழுதியதை நானே படிக்கிறேன் என்ற பூரிப்பில் சத்தமாகப் படித்தேன்.

எங்களுக்கு விரல் வைத்துத்தான் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். எடுத்தால் வரி தப்பிவிடும். "நெற்றி சரிந்தது. புருவ எலும்பு புடைத்தது. தாடை முன்னே நீண்டது. கோரைப்பல் பெரியது." விரல் கண்ணாடியில் நகர்ந்தது. அந்தப் பக்கம் உங்கள் முகம் இருந்தது எனக்குத் தெரியாது. உங்கள் கொழுந்தனார் சிரித்த பிறகுதான் நிமிர்ந்தேன். "இன்னா பெரியவரே, என் மூஞ்சியக் காட்டி இன்னா படிச்சுகினு கீறீங்க?" என்றீர்கள். வரி பாதியில் நின்றதால், "இரும்மா, இன்னும் கீது" என்றேன்.

அது கொரில்லாவைப் பற்றியது அம்மா! சிரித்தவரை விட்டுவிட்டு என்மேல் கோபித்தால் எப்படி? உங்களுக்கு ஒரு பல் லேசாகத் தூக்கியிருப்பதை, சத்தியமாக, அன்றுவரை நான் கவனித்ததே இல்லை.

நீங்கள் போன பிறகும் நின்று மீதியைப் படித்து முடித்தேன். பல் நமக்கும் அதற்கும் முப்பத்திரண்டுதானாம். நம் பல்வரிசை வில்லாக வளையும். அதற்கு இரண்டு பக்கமும் நேராக ஓடும். கடைசி வரியில் மோவாய் மனிதருக்கு மட்டுமே உண்டு, குரங்குக்குத் தாடை உள்ளே சரிந்துவிடும் என்று இருந்தது. இதையும் கேட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

நாவலூரிலிருந்து சுதாகர் தம்பி சுவேதாவுக்குப் போன் செய்வதையும் நிறுத்திவிட்டார். அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. நான் மெதுவாகப் படித்ததற்கு அவளைத் தண்டிக்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை வச்சலா படாளம் வந்து உங்கள் மோவாயைப் பிடித்துக் கெஞ்சுவாள். நானும் வந்து தெருவில் நிற்பேன். வாயைத் திறக்க மாட்டேன். நீங்கள் கதவைத் திறந்தால் போதும்.

உங்கள் வீட்டில் விளக்கேற்ற எங்கள் பெண் வரவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
நீலமேகம்.