எட்டு முனைப் பிளக்கும் என் ஆபீஸ் பேன்ட்டும்

பிப்ரவரி 8, சனி

என் வலது தொடையில், நாற்காலி விளிம்பு சரியாக உரசுகிற இடமாகப் பார்த்து, ஒரு கொண்டைக்கடலை அளவுக் கொப்புளம். ஆபீசில் கேட்டவர்களிடம் மிஷப்பக் ஜிலேபிப் பாகு கொட்டிவிட்டது என்று சொல்லிவிட்டேன். தும்யாத் நகரக் குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவுத் தலைமை எழுத்தர், ஐம்பத்திரண்டு வயதுக்காரர், இனிப்புப் பாகில் தொடையைச் சுட்டுக்கொண்டார். உண்மையைவிட இது கௌரவமாகத்தான் இருக்கிறது.

உண்மை என்னவென்றால், அது சாலிடர் ஈயம்.

என் காரின் ஆம்ப்ளிஃபயர் கழற்றி மாட்டுகிற வகை. டிக்கியிலேயே விட்டால் காலையில் டிக்கி மட்டும்தான் இருக்கும். அதனால் தினமும் சாயங்காலம் அதை மரப்பெட்டியோடு மூன்று மாடி சுமந்துபோய்ப் படுக்கையறையில் வைக்கிறேன். "வந்துட்டாளா என் சக்களத்தி?" என்பாள் நக்வா. பெட்டிக்கும் கார் ஸ்பீக்கர்களுக்கும் நடுவே ஓர் எட்டு முனைப் பிளக். தினமும் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகியதில் அது தொளதொளத்துப் போயிற்று. எதிர்ச்சாரியில் ரேடியோக் கடை வைத்திருக்கிற மேஸ்திரி, உஸ்தா பயூமியிடம் போனேன். முப்பது வருஷ சிநேகிதன். "ரெண்டு நாள் பொறுய்யா, நானே பண்ணித் தரேன்" என்றான். எனக்கு எங்கே பொறுமை? சந்தையில் பிளக்கும் ஒரு சாலிடரிங் அயர்னும் வாங்கிவந்து நானே உட்கார்ந்துவிட்டேன். சூடான ஈயத்தை, சூப்பை ஊதுவதுபோல, ஊதி ஊதி ஆறவைத்தேன். ஒரு சொட்டு தொடையில்.

நேற்று முன்தினம், வியாழக்கிழமை, தங்கை மகள் ரீஹாமின் சீர் ஊர்வலம். கட்டில், ஃப்ரிட்ஜ், மெத்தை, இருபத்துநாலு பேருக்கான பீங்கான் தட்டுகள், எல்லாம் ஆறு லாரியில். முன்னால் பாட்டோடு என் கார். மாப்பிள்ளை வீட்டுத் தெருமுனையில் ஒரு வேகத்தடை. டக். அவ்வளவுதான். ஆறு லாரிச் சாமானும் சாவு வீட்டுக்குப் போவதுபோல ஓசையில்லாமல் போய் நின்றன. வாசலில் மாப்பிள்ளையின் அம்மா, எடுத்த குலவையை முடிப்பதா விழுங்குவதா என்று தெரியாமல் வாயைத் திறந்தபடி நின்றாள்.

லாரிக்கார மெத்வல்லி இறங்கிவந்து பதினொரு பேருக்கு முன்னால் கேட்டான்: "எவன்யா இதைப் பத்தவச்சது?"

"பயூமி."

நான்தான் சொன்னேன். இந்த வாய்தான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கொப்புளம் உடைந்தது. ஒரு பக்கமாக உட்கார்ந்து நாற்பது புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதினேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

நேற்று ஹம்மூதாவின் காப்பிக்கடையில் மெத்வல்லி அறிவித்துவிட்டான். "சீர் சாமானை ஊமையாக்கினவன் கையில என் லாரியக் குடுக்கமாட்டேன். ஸ்பீக்கர் வேலைக்கெல்லாம் இனி வேற ஆளு." இன்னும் இரண்டு லாரிக்காரர்கள் தலையாட்டினார்கள்.

அப்போதாவது வாயைத் திறந்து உண்மையைச் சொன்னேனா? திறந்தேன். ஒரு ஜோக் சொன்னேன். "பயூமி கிட்ட வந்தா ஈயமே வெக்கப்பட்டு விலகிடுது." கடை குலுங்கியது. ஹம்மூதா எனக்கு இனாமாக ஒரு டீ கொடுத்தான். அதையும் குடித்தேன். இன்று காலை ரொட்டிக்கடைக்காரன் அதே ஜோக்கை எனக்கே சொல்கிறான், தானே பெற்றதுபோல. சிரித்து வைத்தேன். என்ன பிறவி நான்?

பிப்ரவரி 13, வியாழன்

பயூமியே வந்தான். "டிக்கியத் திற" என்றான். திறந்தேன்.

பிளக்கின் மூடியைக் கழற்றினான். உள்ளே நக்வாவின் மருந்துப் பெட்டியிலிருந்து நான் எடுத்துச் சுற்றிய பிளாஸ்திரி. எந்த உஸ்தாவும் கம்பிக்குப் பிளாஸ்திரி சுற்றமாட்டான். ஸ்லீவ் போடுவான். கம்பியில் முதலிலேயே கோத்து, பற்றவைத்த பிறகு மேலே நகர்த்திச் சூடு காட்டினால் சுருங்கிப் பிடித்துக்கொள்கிற சின்னக் குழாய். பயூமி மஞ்சள் நிறத்தைத் தவிர வேறு போடமாட்டான் என்பது ஊருக்கே தெரியும். பிளாஸ்திரியை உரித்தான். ஈயம் பளபளக்க வேண்டும். இது சாம்பல் பூத்து, பொருபொருவென்று. விரல் பட்டதும் இரண்டு கம்பி கையோடு வந்தது. அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் ஒருக்களித்து நிற்பதையும் பார்த்தான்.

அந்த நேரம் பார்த்து மெத்வல்லி லாரியிலிருந்து எட்டிப்பார்த்து, "என்ன உஸ்தா, கண்ணு தெரியலியா, கை வரலியா?" என்றான்.

பயூமி நிமிரவே இல்லை. "வயசாயிடுச்சு மெத்வல்லி. கை நடுங்குது."

அவன் கையில் இருந்த இடுக்கி துளி அசையவில்லை.

ஏன் அப்படிச் சொன்னான்? என்னைக் காப்பாற்றவா, கொல்லவா? ரமலான் நோன்புக்கு முன்னால் வருகிற இந்தக் கல்யாண நாட்கள்தான் அவன் கடைக்கு உயிர். இன்று அங்கே ஒரு கிழவர் டிரான்சிஸ்டரோடு உட்கார்ந்திருந்தார். வேறு யாரும் இல்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

சொல்லிவிடுவது என்று காப்பிக்கடைக்குப் போனேன். எழுந்து நின்றேன். தொண்டையைச் செருமினேன். மாமியார் ஜோக் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நக்வா பேன்ட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். துவைக்கிற கூடையின் அடியில் ஒளித்து வைத்திருந்தேன்.

"பாகு பட்டா துணி ஒட்டும், டாலியா அப்பா. ஓட்டை விழாது."

விளிம்பிலிருந்து ஒரு வெள்ளி மணியை நகத்தால் சுரண்டி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். ஈயம். கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன்.

"பயூமி பொண்டாட்டி தினம் எனக்குப் புதினா குடுத்தனுப்புறா. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாங்குறது?"

என் மூஞ்சியைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. அது போய்விட்டது என்று தெரிந்திருக்கும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பேன்ட்டைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். காப்பிக்கடையின் நடு மேசையில் விரித்தேன். "பத்தவச்சது நான். பயூமி அந்தப் பிளக்கைத் தொடவே இல்ல. இதோ ஓட்டை. கீழ சுட்ட புண்ணும் இருக்கு, வேணும்னா காட்டுறேன்."

"வேணாம்!" என்று நாலைந்து குரல் ஒன்றாக.

அப்புறம் நடந்ததை எப்படி எழுதுவது? மெத்வல்லி எழுந்துவந்து என்னைக் கட்டிப்பிடித்தான். கண் கலங்கியிருந்தது. "பாத்தீங்களாடா? கூட்டாளி மானத்தைக் காப்பாத்த சொந்த பேன்ட்டை ஓட்டை போட்டுக்கிட்டு வந்திருக்கான்! இவன் மனுஷன்!"

"நெசமாத்தான்யா சொல்றேன்!"

"சொல்லுவே ஷவ்கி பாஷா, சொல்லுவே. பெரிய மனசு உனக்கு."

மறுபடியும் இனாம் டீ.

கடவுளே, பொய்யை ஒரே சொல்லில் நம்பினார்கள். உண்மைக்குச் சாட்சியாகப் பேன்ட்டே வந்தும் நம்பவில்லை. இவ்வளவு காலம் இவர்களைச் சிரிக்கவைத்ததற்குக் கூலி.

பிப்ரவரி 21, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து கூட்டம் காப்பிக்கடைக்கு வந்ததும் சாலிடரிங் அயர்னை ஹம்மூதாவின் மின்சாரத்தில் சொருகினேன். புதுப் பிளக், எட்டுக் கம்பி. "இப்போ உங்க கண்ணு முன்னால செய்யறேன். சீர் ஊர்வலப் பிளக்கைப் பண்ணினது எந்தக் கைன்னு நீங்களே சொல்லுங்க."

வேண்டுமென்றே கெடுக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் இத்தனை பேர் பார்க்கும்போது ஓர் ஆணவம் வந்துவிட்டது. நன்றாகச் செய்து காட்டவேண்டும் என்று மனசாரப் பாடுபட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

மூன்றாவது கம்பியில் மெத்வல்லி, "ஏன்யா ஊதுற? பிள்ளைக்கா சோறூட்டுற?" என்றான். ஐந்தாவதில், "ஸ்லீவ் எங்க?" பிளாஸ்திரியை எடுத்துக் காட்டினேன். யாரோ முனகினார்கள். எட்டாவது முடிந்தது. வெற்றியோடு மூடியை மாட்டப் போனேன். மூடி மேசைமேல் இருந்தது. அதைக் கம்பியில் முதலிலேயே கோத்திருக்க வேண்டும். இனி எட்டையும் பிரித்தால்தான் அது உள்ளே போகும்.

லாரிக்காரர்கள் ஒவ்வொருவரும் அந்த மூடியையே பார்த்தார்கள்.

மெத்வல்லி என் முன்னால் வந்து நின்றான். இந்தத் தடவை கட்டிப்பிடிக்கவில்லை. "அட நாயே" என்றான் மெதுவாக. "நீதான்டா."

நம்பிவிட்டார்கள். தெருவைக் கடந்து பயூமியின் கடைக்குள் வரிசையாகப் போனார்கள். எனக்கு டீ வரவில்லை.

பிப்ரவரி 22, சனி

பயூமி கடைவாசலில் மூன்று லாரி. என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினான். நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன். போட்டிருந்தது செருப்பு.

பிப்ரவரி 25, செவ்வாய்

நாளை மறுநாள் கல்யாணம். தங்கை இன்ஸாஃப் போனில் கெஞ்சுகிறாள். "அண்ணே, உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன், அந்தப் பிளக்கை நீ தொடாதே."

தொடுவேன். நான் கெடுத்ததை நானே சரிசெய்யாவிட்டால் என்ன மனுஷன்? நேரே பயூமியிடம் போய்ச் சொன்னேன். "செய்யி" என்றான். "ஊதாதே" என்றான். மன்னிப்புக் கேட்கப் போனவன், பிளக்கைப் பற்றியே பேசிவிட்டு வந்துவிட்டேன்.

மூடியை முதலில் கோத்தேன். ஊதவில்லை. பிளாஸ்திரியைப் புதுச் சுருளிலிருந்து சுற்றினேன்.

பிப்ரவரி 27, வியாழன்

பூ கட்டவேண்டும் என்று காலையிலேயே நக்வா கார்ச் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கார் மதியம்தான் திரும்பிவந்தது. சாயங்காலம் ஊர்வலம்.

ஏழு வேகத்தடை. எண்ணினேன். ஒன்றில்கூடப் பாட்டு இமைக்கவில்லை! என் கார் ஜென்மத்தில் இப்படிப் பாடியதில்லை. அடிச் சத்தம் நெஞ்சில் வந்து தட்டியது. மாப்பிள்ளையின் அம்மா குலவையை முழுசாக எடுத்து, முழுசாக முடித்தாள். எனக்காகவே ஒன்று கூடுதலாகப் போட்டாள் என்று நினைக்கிறேன்.

மண்டபத்து வாசலில் மெத்வல்லி முதுகில் ஓங்கித் தட்டினான். "தேறிட்டியே ஷவ்கி பாஷா!"

பயூமி ஓரமாக நின்றிருந்தான். எல்லோருக்கும் கேட்கும்படி, "பாத்தியா உஸ்தா?" என்றேன்.

"பாத்தேன்யா. நல்லா இருக்கு." பார்வை என் மேல் இல்லை, நக்வா மேல் இருந்தது. அவள் திடீரென்று பூவைச் சரிசெய்ய ஆரம்பித்தாள்.

மூன்று வாரத்துக்குப் பிறகு இன்றுதான் என் நாற்காலியில் நேராக உட்கார்ந்து எழுதுகிறேன்.

மார்ச் 3, திங்கள்

நோன்பு மூன்றாம் நாள். பாட்டு இல்லை. ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்டி, செய்த விதத்தை விளக்கலாம் என்று பிளக்கின் மூடியைக் கழற்றினேன்.

எட்டு முனையும் பளபளவென்று மின்னின. ஒவ்வொரு கம்பியிலும் ஒரு மஞ்சள் ஸ்லீவ்.