செத்தவர் சாப்பிட உட்கார்ந்த படம்

மச்சான்,

நான் அன்றைக்கே சொன்னேன். இந்தப் பேய்ப் படம் நம்மையும் தாண்டி நிற்கும், பேரப்பிள்ளைகள் பார்த்துச் சிரிப்பார்கள் என்று மத்திகிரி டெண்டு கொட்டகை வாசலில் நின்று சொன்னேன். புரொஜெக்டரைத் துடைத்துக்கொண்டே நீ, "மொதல்ல இன்னைக்கு ஓடுமான்னு சொல்லுடா" என்றாய்.

நேற்று ஜூஜுவாடியில் பஸ்சுக்கு நின்றேன். மழையில் நனைந்த லாரி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. தார்ப்பாய் வாசனை அப்படியே நம் கொட்டகை. பஸ் போய்விட்டது. போகட்டும்.

அறுபதுகளின் கடைசி அது. நீ ஆபரேட்டர், நான் டிக்கெட் கிழிப்பவன். பேருக்குத்தான் டிக்கெட், கொட்டகையே என் தோளில்தான் நின்றது. நீ அப்போது என் தங்கையைக் கட்டியிருக்கவில்லை. கேட்டுவிட்டுக் காத்திருந்தாய். மாட்டுப் பண்ணையில் சீமைக் காளைகளை அதட்டியே சிரிப்பை மறந்தவர் எங்கப்பா. அந்த நேரம் பார்த்து, இந்தப் படத்துக்கும் கூட்டம் வராவிட்டால் கொட்டகையைப் பிரித்துச் சாமல்பட்டிக்குக் கொண்டுபோகிறேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"கொட்டாயச் சுருட்டிக்கிட்டு ஊர் ஊராப் போறவனுக்கு எப்படிடா பொண்ணு குடுக்கறது? நானே வந்து பாக்கறேன், கூட்டம் வருதான்னு" என்றார் அப்பா. வந்து நாற்காலியிலும் உட்கார்ந்தார்.

படமா அது! வெள்ளைச் சேலை கட்டிய பேயின் கையில் கடிகாரம். எலும்புக்கூட்டை ஆட்டுகிற கயிறு கடைசி நாற்காலி டிக்கெட்டுக்குக்கூடத் தெரிந்தது. "பேய்க்கு டூட்டிக்கு நேரமாச்சு, உடுங்கப்பா!" என்று ஒருவன் கத்தினான். பெஞ்சுக்காரர்கள் துண்டை உதறி எழுந்தார்கள். நீ புரொஜெக்டர் அறை ஓட்டை வழியாக என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பேய்க்கே அது வந்திருந்தால் படம் பிழைத்திருக்கும்.

அடுத்த ரீல் மாட்டினாய். பங்களா முதலாளி நெஞ்சைப் பிடித்துச் செத்தார். பெண்டாட்டி அழுதாள், பாடை போனது. அதற்கடுத்த ரீலில் அதே முதலாளி சப்பணமிட்டு உட்கார்ந்து, "குழம்புல உப்பு இல்லையே" என்றார். அழுத பெண்டாட்டி சிரித்துக்கொண்டே உப்பு வைத்தாள்.

ஒரு தெலுங்குக்காரர், "சச்சினோடு திண்டுன்னாடுரா!" என்று அலறினார். செத்தவன் தின்கிறான் என்பதை யாரும் யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒன்றாக உருண்டன. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

ரீல் மாற்றும் இடைவெளியில் வேர்த்து ஓடிவந்தாய். "மத்தியானம் களி தின்னமே, அந்த மூடிங்க மாறிப்போச்சுடா! நிறுத்திடவா?"

ரீல் பெட்டியின் தகர மூடிதானே நமக்குத் தட்டு. நம்பர் எழுதியிருந்ததும் மூடியில்தான். கழுவி மூடியது நான். ஆகவே அந்தப் படத்தின் பாதி டைரக்டர் நான் என்று சொன்னால் யார் மறுக்க முடியும்?

"நிறுத்துனா ஒதைப்பாங்க, ஓட்டு" என்றேன்.

ஆட்டம் முடிந்ததும் நம் கொட்டகை முதலாளி, "கம்பத்தைப் புடுங்க வேணாம்" என்றார். அப்பா என்னை ஓரமாக அழைத்து, "செத்தவனையே எழுப்பிச் சோறு போட்டுட்டான், எம் பொண்ணுக்குப் போடமாட்டானா? காலையில வரச் சொல்லு" என்றார். மறுநாள் காலையில் நீ இஸ்திரிச் சட்டையில் வந்து நின்றாய்.

அன்று மாலை நீ யோக்கியமாக ரீலைச் சரியாக அடுக்கி ஓட்டினாய். அத்திப்பள்ளியிலிருந்து சைக்கிள் மிதித்து வந்தவர்கள், "நேத்து ஓட்டுன மாதிரி ஓட்டுய்யா!" என்று திரையில் மண்ணை வீசினார்கள். அப்புறம் அந்தப் பெட்டி எத்தனை முறை திரும்பி வந்தாலும் நம் வரிசைதான்.

எவ்வளவோ நல்ல படங்கள் நம் கொட்டகையில் ஓடின, வாயைப் பிளந்து பார்த்தோம், மறந்தோம். இந்தப் படத்துக்கு மட்டும் நம் ஒத்தாசை தேவைப்பட்டது. கத்தினோம், கயிற்றைக் காட்டிக் கொடுத்தோம், செத்தவரை எழுப்பினோம். அதனால் அது நம்முடையதாகிவிட்டது. ஆறாவதோடு நின்ற நான் இதைச் சொல்கிறேன், படித்தவர்கள் குறித்துக்கொள்ளட்டும்.

போன வாரம் உன் பேரன் செல்போனில் அதே படத்தைப் போட்டான். சரியான வரிசை. கொட்டாவி விட்டான். "தள்ளுடா" என்று வாங்கி, முதலில் சாவு, பிறகு சாப்பாடு என்று நகர்த்திக் காட்டினேன். தரையில் விழுந்து சிரித்தான். உன் சிரிப்பேதான், கடைசியில் வருகிற அந்த விக்கலோடு.

நீ உயிரோடு இருந்தவரை சொல்லாதது ஒன்று. அன்றைக்கு அப்பா அந்தச் சோற்றுப் பேச்சைப் பேசவேயில்லை. "கொசு ஜாஸ்தி" என்றார், அவ்வளவுதான். மிச்சம் என் கைச்சரக்கு. காலையில் நீ வந்து, "நீங்களே சொன்னீங்களாமே மாமா" என்று அதை அவரிடமே ஒப்பித்தாய். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சிரித்தார் மச்சான், காளைகள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. உன் கல்யாணப் பந்தியில் தானே சொன்னதாக அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் விட்டுவிட்டேன்.