பாதையோரம் நடப்பட்ட பாறைகளும் ஏழாம் வகுப்பு மீது விழுந்த பழியும்

அனுப்புநர்
அறிவியல் ஆசிரியை,
ஏழாம் வகுப்பு, நடுநிலைப் பள்ளி.

பெறுநர்
ஆய்வு அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம்.

பொருள்: ஆய்வறிக்கையில் ஏழாம் வகுப்பு மாணவர்களைப் பற்றிய குறிப்பை நீக்கவும், நிறுத்தப்பட்ட கல்குவாரிப் பயணத்தை மீண்டும் அனுமதிக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இதே பொருளில் தலைமையாசிரியர் வழியாக நான் அனுப்பிய மனு அவருடைய மேசை இழுப்பறையைத் தாண்டவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு நேரடியாக எழுதுகிறேன். முறை மீறலாகத் தோன்றினால் மன்னிக்கவும்.

1. பாறைச் சுழற்சியைக் கரும்பலகையில் நான்கு அம்புக்குறி போட்டு முடித்துவிடலாம். பிள்ளைகளும் மனப்பாடம் செய்து தேர்வன்று கொட்டிவிட்டுப் போவார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. ஆளுக்கொரு கல் கொண்டுவரச் சொன்னேன். ஒரு மாணவி அம்மாவுக்குத் தெரியாமல் குதிகால் தேய்க்கும் நுரைக்கல்லை எடுத்து வந்தாள். தரை பதிப்பவரின் மகன் உடைந்த பளிங்குத் துண்டைக் கொண்டுவந்தான். தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என மூன்று தட்டுகளில் பிரித்து வைத்தோம். எலுமிச்சைச் சாறு பட்டுப் பொங்குகிற சுண்ணாம்புக்கல்தான் பூமிக்குள் வெந்து நசுங்கிப் பளிங்காகிறது என்று நான் சொன்னதும், "அப்ப எங்கப்பா பழைய கல்லத்தான் புதுசுன்னு போடுறாரா டீச்சர்?" என்று அவன் கேட்டான். பாடம் புரிந்துவிட்டது என்று அன்றே தெரிந்துகொண்டேன்.

2. ஆய்வுக்கு முந்தைய நாள், கற்கள் பளிச்சென்று இருக்கட்டும் என்று மாணவர்கள் கழுவித் தாழ்வாரத்தில் காயவைத்தார்கள். வாயிற்கதவு முதல் அலுவலகம் வரை பாதையோரக் கற்களுக்கு வெள்ளை அடிக்கும் வேலையும் அன்றுதான் நடந்தது. நடுவதற்குக் கல் போதவில்லை. உடற்கல்வி ஆசிரியர் எங்கள் கற்களை அள்ளிக்கொண்டுபோய் நட்டு, ஒன்று விடாமல் வெள்ளை அடித்துவிட்டார். பிறகு நான் கேட்டதற்கு, "கல்லுன்னா கல்லுதானே டீச்சர், ஆய்வு முடிஞ்சதும் எடுத்துக்குங்க" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் கல்லென்றால் வெறும் கல் இல்லை என்று சொல்லிக்கொடுக்கத்தான் நான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறேன்.

3. மறுநாள் தாங்கள் வகுப்புக்குள் வந்து, ஒரு தீப்பாறையை எடுத்துக் காட்டும்படி கேட்டீர்கள். காய்ந்த கற்களைப் பிள்ளைகள் எடுத்து வைத்திருப்பார்கள் என்று நினைத்து அலமாரியைத் திறந்தேன். தட்டுகள் காலி. அதற்குள் யாரோ ஒரு பிள்ளை பாதையைப் பார்த்துவிட்டது போலும், வகுப்பு முழுவதும் சன்னல் பக்கம் திரும்பியது. நான் விளக்க வாயெடுத்தேன். தங்கள் பின்னால் நின்ற தலைமையாசிரியர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

4. அறிக்கை வந்தது. "மாணவர்களுக்குப் பாறை வகைகள் தெரியவில்லை. கவனம் சன்னலுக்கு வெளியே இருந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் முதல் பக்கத்திலேயே பாதையோர வெள்ளைக் கற்களின் அழகைப் பாராட்டியும் இருக்கிறீர்கள். படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பாறை தெரியாத பிள்ளைகளுக்குக் குவாரி எதற்கு என்று பயணமும் நிறுத்தப்பட்டது. மண்ணடுக்குகளை நேரில் பார்க்கப்போகிறோம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தவர்களிடம் அதைச் சொல்லும் வேலை எனக்கு வந்தது.

5. கற்களைப் பிடுங்கி வந்தோம். எண்ணெய்ப் பெயின்ட், சுரண்டினாலும் போகவில்லை. கருங்கல்லும் மணற்கல்லும் ஒரே முகமாகிவிட்டன. எலுமிச்சைக்கு எதுவும் பொங்கவில்லை. இது நான்காவது வகைப் பாறையா என்று பிள்ளைகள் என்னையே கேலி செய்தார்கள். பிறகு அவர்களாகவே கையில் தூக்கிக் கனம் பார்த்தார்கள், உடைந்த விளிம்பைத் தடவினார்கள், வாளித் தண்ணீரில் போட்டார்கள். "டீச்சர், என்னோடது மிதக்குது!" என்று நுரைக்கல்காரி கத்தியது அலுவலகம் வரை கேட்டிருக்கும். பெயின்டுக்கு அடியில் இருப்பதையே கண்டுபிடிக்கிறவர்களைத்தான் தெரியாதவர்கள் என்கிறது அறிக்கை.

உடற்கல்வி ஆசிரியர் மீது நடவடிக்கை எதையும் நான் கேட்கவில்லை. அந்த இரண்டு வரிகளை நீக்குங்கள். பயணத்தை அனுமதியுங்கள். முடிந்தால் முன்னறிவிப்பில்லாமல் ஒருமுறை வாருங்கள். அறிவித்தால் மீண்டும் வெள்ளை அடித்துவிடுவார்கள்.

தாங்கள் கேட்ட தீப்பாறையை அன்று பாதையோரத்தில் தாண்டித்தான் வந்தீர்கள். சன்னலுக்கு வெளியே பார்த்த பிள்ளைகள் அதைத்தான் தங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

இடம்: ஏழாம் வகுப்பறை
நாள்: பயணம் போயிருக்க வேண்டிய வெள்ளிக்கிழமை

தங்கள் பதிலுக்காகப் பிள்ளைகளோடு காத்திருக்கும்,
(ஒப்பம்)
அறிவியல் ஆசிரியை

இணைப்பு: வெள்ளை அடிக்கப்பட்ட நுரைக்கல் ஒன்று (தீப்பாறை). தண்ணீரில் போட்டுப் பார்க்கவும். மாணவியின் அம்மா தேடுவதால் திருப்பி அனுப்பவும்.